ஆட்டோகேடிலிருந்து ரெவிட்டுக்கு: எந்தப் பாடத்தை நம்பிப் படிப்பது?

மதுரையில் நாங்கள் நடத்துவது சின்ன கட்டடக்கலை அலுவலகம். பெரும்பாலும் வீடுகள். நடுவில் ஒரு கிளினிக், ஒரு மண்டபம் என்று வரும். கல்லூரிக் காலத்திலிருந்து எல்லா வேலையும் கணினியில் கோடு கோடாக வரையும் ஆட்டோகேடில்தான். போன வருஷம், கட்டடத்தை ஒரே முப்பரிமாண மாடலாக எழுப்பும் ரெவிட்டுக்கு மாறினோம். பிளானில் ஒரு ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் செக்‌ஷனிலும் அது தானாக நகர வேண்டும், ஜன்னல் அட்டவணையிலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சைட்டில் மேஸ்திரி கையில் இருக்கும் இரண்டு தாள்கள் இரண்டு விதமாகப் பேசினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாறுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? யூடியூப் தொடர்கள், கட்டண வகுப்புகள், இரண்டு மென்பொருளையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் உதவிப் பக்கங்கள், அதன் மாநாடான ஆட்டோடெஸ்க் யுனிவர்சிட்டியின் உரைகள் என்று கொட்டிக் கிடக்கிறது. எதைத் திறந்தாலும் முதல் பாடம் ஒன்றேதான்: நாலு சுவர், ஒரு கதவு, மேலே ஒரு கூரை. அதை யார் சொல்லிக்கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் ஒரு தொடரை அதன் முதல் பாடத்தை வைத்து எடை போடாதீர்கள். நேராக ஃபேமிலி பாடத்துக்குப் போங்கள்.

ரெவிட்டில் கதவு, ஜன்னல், தூண், வாஷ்பேசின் எல்லாமே ஃபேமிலிதான், அதாவது அளவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஒரு மூல வடிவம். ஒரு ஃபேமிலிக்குள் பல டைப் (அளவு வகை), ஒவ்வொரு டைப்பையும் கட்டடத்தில் எத்தனை இடத்திலும் வைக்கலாம். ஆட்டோகேடில் பிளாக் (நகல் நகலாக வைக்கும் ஒரே படம்) போட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் பெரிய திருப்பம். இங்கே ஆசிரியர் அவசரப்பட்டால் அந்தத் தொடர் நமக்கு உதவாது. ஏற்கெனவே யாரோ செய்த ஃபேமிலியை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல ஆசிரியர் முதலில் வழிகாட்டித் தளங்களான ரெஃபரன்ஸ் பிளேன்களை வரைவார். அவற்றுக்கு இடையே அளவு கொடுத்து, அந்த அளவைப் பாராமீட்டராக்குவார், அதாவது பிறகு மாற்றக்கூடிய மதிப்பாக. அதற்குப் பிறகுதான் சட்டத்தையும் கண்ணாடியையும் அந்த பிளேன்களோடு பூட்டுவார். கடைசியில் அகலத்தை 900 மிமீயிலிருந்து 1800க்கு மாற்றி, எல்லாம் ஒழுங்காக விரிகிறதா என்று கண்ணெதிரே காட்டுவார். இதை ஃப்ளெக்ஸ் பண்ணுவது என்பார்கள். பாடத்தில் அது இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எங்களுக்கு வேண்டியிருந்தது தேக்குச் சட்டம், உள்ளே கிரில், மேலே லிண்டல், 600 மிமீ வெளியே நீளும் சன்ஷேட், எல்லாம் சேர்ந்த ஒரே ஜன்னல். நகர்த்தினால் சன்ஷேடும் கூடவே வர வேண்டும். அப்படி ஒரு ஜன்னலை யாரும் ஆயத்தமாகத் தருவதில்லை. மேலே சொன்ன மாதிரிப் பாடம் ஒன்று கிடைத்ததால் நாங்களே செய்துகொண்டோம். இன்று அலுவலகத்தில் எல்லா வீட்டுக்கும் அதே ஜன்னல்தான் போகிறது.

அடுத்தது, பாடம் எந்த வருஷத்து ரெவிட்டில் எடுக்கப்பட்டது என்பது. இதை அலட்சியம் செய்யவே கூடாது. ரெவிட் 2024இல், மனையின் தரையை வெறும் மேற்பரப்பாகப் போடும் டோபோசர்ஃபேஸ் போய், கனமுள்ள தரையாகப் போடும் டோபோசாலிட் வந்துவிட்டது. அதற்கு முந்தைய சைட் பாடங்களை வைத்துக்கொண்டு மனையின் தரையைப் போட முடியாது. நேரடியாக பிடிஎஃப் எடுக்கும் வசதி 2022இல்தான் வந்தது. பழைய வீடியோக்களில் பிரிண்டர் வழியாகச் சுற்றிப் போவார்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால் பயிற்சிக் கோப்போடு வரும் வகுப்பென்றால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்களைப் போல, வசதிகள் குறைந்த பதிப்பான ரெவிட் எல்டி வாங்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதில் ஆட்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) ஏறாது, பலர் ஒரே மாடலில் சேர்ந்து வேலை செய்யும் வொர்க்‌ஷேரிங் கிடையாது. இந்த ஆட்-இன்னைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் வீடியோவை அங்கேயே மூடிவிடலாம்.

நான் பார்த்த ஆங்கிலப் பாடங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டை வைத்துத்தான். மரச் சட்டச் சுவர், ஜிப்சம் போர்டு, அடி அங்குலம். மென்பொருளின் போக்கு புரிய அது போதும். ஆனால் நம் வீட்டில் 230 மிமீ வெளிச்சுவர், 115 மிமீ உள்சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, நடுவே கான்கிரீட் தூண். குளியலறைத் தளம் கீழே இறங்கியிருக்கும். அந்த சங்கன் ஸ்லாபைத் தனித் தளமாகப் போட்டு, தள உயரமான லெவலிலிருந்து மைனஸ் அளவு கொடுத்து இறக்க வேண்டும். வென்டிலேட்டர் பிளானில் தெரியவே தெரியாது, ஏனென்றால் பிளான் வெட்டப்படுவது வழக்கமாக 1200 மிமீ உயரத்தில், வென்டிலேட்டர் அதற்கு மேலே. அந்த இடத்துக்கு மட்டும் பிளான் ரீஜன் போட்டு வெட்டும் உயரத்தை ஏற்ற வேண்டும். நான் பார்த்த எந்த அடிப்படை வகுப்பிலும் இது இல்லை.

இந்தக் கேள்விகளெல்லாம் எப்படிக் கிளம்பின என்றால், கட்டி முடித்து ஆள் குடிபோன வீடு ஒன்றை எடுத்து ரெவிட்டில் மறுபடி எழுப்பியதால்தான். 30க்கு 50 அடி மனை, மாடியோடு. ஒவ்வொரு மூலையும் தெரிந்த வீடு என்பதால் வடிவமைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கருவியைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். எங்கே முட்டுகிறதோ அங்கே நிறுத்தி, அந்தக் கேள்விக்கு மட்டும் பாடம் தேடினேன். அப்படித் தேடும்போது ஆட்டோடெஸ்க்கின் உதவிப் பக்கம் மிக நன்றாகக் கை கொடுத்தது. தாள்கள், வியூ டெம்ப்ளேட் (காட்சிகளுக்கான தோற்ற அமைப்பு) எல்லாம் எப்படி அடுக்குவது என்பதற்கு ரெவிட் 2024உடன் வந்த ஸ்னோடன் டவர்ஸ் மாதிரிக் கட்டடத்தைத் திறந்து துருவிப் பார்த்ததே பெரிய படிப்பு.

அலுவலகத்துப் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் வீடியோக்களைத்தான் முதலில் கொடுத்தேன். பாலிடெக்னிக் முடித்தவர்கள். தமிழில் கேட்டால் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், ஆங்கிலத்தில் கேட்டால் தலையாட்டுகிறார்கள். அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். சுவருக்கு டபிள்யூ-ஏ, கதவுக்கு டி-ஆர், எந்தெந்தப் பொருள் தெரிய வேண்டும் என்று மாற்ற வி-வி, இதெல்லாம் எந்த மொழியில் கற்றாலும் ஒன்றுதான். ஊரில் ஒரு பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தையும் வாங்கிப் பார்த்தோம். பாதி ரெண்டரிங், அதாவது அழகான படம் எடுப்பது. எங்களுக்கு வேண்டியது சைட்டில் கட்டுவதற்கான வொர்க்கிங் டிராயிங், அதனால் சேரவில்லை.

இன்னும் ஒன்றுக்குப் பாடம் கிடைக்கவில்லை. ரெவிட்டின் அட்டவணை திறப்புகளைக் கழித்த சுவரின் நிகரப் பரப்பைத் தரும். நம் எஸ்டிமேட், கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1200 படி. பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையான திறப்புக்குக் கழிவே கிடையாது, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. இதை ஆட்-இன் இல்லாமல், எல்டியின் அட்டவணைக்குள்ளேயே செய்து காட்டும் பாடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.