பணம் செலுத்தித் திரும்பியதும் லாகின் பக்கம்: ஒரு குக்கீ சிக்கலைத் தீர்த்த அனுபவம்

நான் பராமரித்து வந்த ஓர் இணையப் புத்தகக் கடைக்கு 2020 ஆகஸ்டில் ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. வாடிக்கையாளர் லாகின் செய்து, புத்தகங்களைக் கூடையில் சேர்த்து, பணம் வாங்கித் தரும் வேறொரு நிறுவனத்தின் தளமான பேமென்ட் கேட்வே பக்கத்துக்குப் போய்ப் பணமும் செலுத்திவிடுகிறார். ஆனால் எங்கள் தளத்துக்குத் திரும்பியதும் ரசீதுக்குப் பதிலாக லாகின் பக்கம் வருகிறது. கணக்கில் பணம் கழிக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த அடுத்த நொடியில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்ப்பவர் பதறுவது இயல்பே. எல்லோருக்கும் இது நேரவில்லை என்பதும், நாங்கள் சோதித்தபோதெல்லாம் சரியாகவே நடந்தது என்பதும்தான் பெரிய தலைவலி.

இத்தகைய புகார் வந்தால் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் எழுவது செஷனின், அதாவது லாகின் செய்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவின், ஆயுள் மீதுதான். பிஎச்பி நிரல்மொழியில் அதன் இயல்பு மதிப்பு 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள். அந்த அளவைக் கூட்டுவதற்கு முன், புகார் வந்த ஒரு கணக்கின் செஷன் கோப்பு சர்வரில் இருக்கிறதா என்று பார்த்தேன். கோப்பு அழியாமல் இருந்தது. அவர் கூடையில் சேர்த்த புத்தகங்களின் எண்கள்கூட உள்ளே அப்படியே இருந்தன. சர்வர் அவரை மறக்கவில்லை என்றால், அவர் யார் என்று சொல்ல உலாவி சேமித்து வைத்து அனுப்பும் சிறு தகவலான குக்கீ திரும்பி வரவில்லை என்றுதானே பொருள்?

குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகள் அழியாதபடி அமைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரைப் போலவே நிதானமாகப் பணம் செலுத்தினேன். கேட்வேயிலிருந்து எங்கள் தளத்துக்கு வந்த, தரவைச் சுமந்து வரும் போஸ்ட் வகைக் கோரிக்கையில் குக்கீ வரியே இல்லை. அதற்கு எங்கள் சர்வர் அனுப்பிய பதிலிலோ, அதே பெயரில் புதிய மதிப்புடன் ஒரு செஷன் குக்கீ இருந்தது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்புக் கோப்பு அந்தப் பக்கத்திலும் செஷனைத் தொடங்கியதால், குக்கீ இல்லாமல் வந்தவரைப் புதியவராகக் கருதி, அவருடைய பழைய குக்கீயின் மேலேயே புதியதை எழுதிவிட்டது. அவர் லாகினை இழந்தது அந்த இடத்தில்தான்.

குக்கீ ஏன் வரவில்லை என்பதற்கான காரணம் உலாவியில் இருந்தது. வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையுடன் குக்கீயை அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் என்ற பண்பு குறிப்பிடப்படாத குக்கீகளை லாக்ஸ் வகையாகக் கருதும் மாற்றத்தை குரோம் 80ஆம் பதிப்புடன் 2020 பிப்ரவரியில் கூகுள் தொடங்கியது. கொரோனா காலத்தில் அத்தியாவசியத் தளங்கள் பாதிக்கப்படக் கூடாது என்று ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லாக்ஸ் வகைக் குக்கீ, வேறொரு தளத்திலிருந்து இணைப்பைச் சொடுக்கி வரும், பக்கத்தைக் கேட்டுப் பெறும் கெட் வகைக் கோரிக்கையுடன் செல்லும். வேறொரு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையுடன் செல்லாது. ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் இந்த இயல்பு மாற்றம் இல்லாததால், அவற்றைப் பயன்படுத்தியவர்கள் புகார் செய்யவில்லை.

எங்கள் சோதனைகளில் சிக்கல் தெரியாமல் போனதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. சேம்சைட் குறிப்பிடப்படாத குக்கீ உருவாகி இரண்டு நிமிடங்கள் ஆகும்வரை, இத்தகைய போஸ்ட் கோரிக்கையுடனும் அதை அனுப்பும் தற்காலிகச் சலுகையை குரோம் வைத்திருந்தது. சோதிப்பவர் புதிய சாளரத்தில் லாகின் செய்து, சோதனை அட்டை எண்ணை ஒட்டி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடுவார். வாடிக்கையாளரோ நிதானமாகப் புத்தகம் தேர்ந்தெடுத்து, முகவரியை நிரப்பி, ஓடிபி வரும்வரை காத்திருந்து திரும்புகிறார். அதற்குள் சலுகை முடிந்துவிடுகிறது.

வேறு தளத்திலிருந்து வரும் எந்தக் கோரிக்கையுடனும் செல்லும்படி குக்கீயின் சேம்சைட் மதிப்பை ‘நன்’ (None) என்று குறித்து, பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே அனுப்பச் சொல்லும் செக்யூர் பண்பையும் உடன் சேர்ப்பது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் ஐஓஎஸ் 12இல் உள்ள சஃபாரி அந்த மதிப்பைப் புரிந்துகொள்ளாமல் வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையுடன் குக்கீயை அனுப்பவே விடாத ஸ்டிரிக்ட் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால், பழைய ஐபேடு வைத்திருப்பவர்களுக்கு அதுவே புதிய சிக்கலாகிவிடும். அதோடு, ஒரே ஒரு பக்கத்துக்காக லாகின் குக்கீயின் பாதுகாப்பைத் தளர்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கேட்வே வந்து சேரும் பக்கத்தில் செஷனைத் தொடங்குவதையே நீக்கினேன். அந்தப் பக்கம் கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணைக் கொண்டு பணம் வந்ததைப் பதிவு செய்துவிட்டு, வேறொரு பக்கத்துக்குப் போகச் சொல்லும் 303 மறுமொழியின் மூலம் உலாவியை ரசீதுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அந்த இரண்டாவது கோரிக்கை கெட் என்பதால் பழைய குக்கீ உடன் வருகிறது, ரசீதும் தெரிகிறது.

கூடவே, பிஎச்பி 7.3இல் அறிமுகமான அமைப்பைக் கொண்டு செஷன் குக்கீயை வெளிப்படையாகவே லாக்ஸ் என்று குறித்துவிட்டேன். சேம்சைட் குறிப்பிடப்பட்ட குக்கீக்கு இரண்டு நிமிடச் சலுகை கிடையாது என்பதால், வேகமாகச் சோதிப்பவருக்கும் ஓடிபிக்காகக் காத்திருப்பவருக்கும் தளம் இப்போது ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.