எஃப்என்யூ வெண்மணி

பிப்ரவரி 3, திங்கள்

கிரீன் கார்டு இன்டர்வியூ லெட்டர் வந்துவிட்டது. மார்ச் 6, காலை 8:15, நியூவர்க், பிராட் ஸ்ட்ரீட் 970. மேலே பெரிய எழுத்தில் எஃப்என்யூ வெண்மணி. முதற்பெயர் தெரியாத வெண்மணி. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்பதற்காக ஆறு வருஷமாக இந்த ஊரில் எனக்கு இதுதான் பெயர். காபிக் கடையில் ஒரு பையன் "ஃபனு" என்று கூப்பிட்டான் ஒருமுறை. திரும்பிப் பார்த்தேன்.

பிப்ரவரி 4

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 6

எங்கள் கல்யாணம் நிஜம் என்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் ஹால் தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். லீஸ், ஜாயின்ட் அக்கவுண்ட், கார் இன்சூரன்ஸ், வரி ரிட்டர்ன். கரண்ட் பில் கார்த்தி பெயரில் மட்டும், இன்டர்நெட் பில் என் பெயரில் மட்டும். பார்க்கிறவர்களுக்கு அவன் வெளிச்சத்திலும் நான் வைஃபையிலும் தனித்தனியாகக் குடும்பம் நடத்துகிற மாதிரி இருக்கும். போட்டோக்கள் அதைவிட மோசம். ஊரில் நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டுக் கல்யாணம் செய்தவர்கள் இரண்டு சாட்சியோடு ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எங்களுடையது பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் மொத்தமே பதினோரு பேர். அம்மாவும் அப்பாவும் ஐபேடில். ஐபேடை அத்தை பிடித்திருக்கிறார், கண்ணாடியில் விளக்கு பட்டு அப்பா முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். அன்றைக்கு அப்பா "கோயிலா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐ-485, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பத்தின் நகலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். படித்திருக்கக் கூடாது.

போன ஜூனில் ராத்திரி ஒரு மணிக்கு இதை நிரப்பினோம். கார்த்தி கேள்வியை வாசிக்க வாசிக்க நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். 1933 மார்ச் 23 முதல் 1945 மே 8 வரை நாஜிகளோடு சேர்ந்து யாரையாவது கொடுமைப்படுத்தினாயா? எங்கள் அப்பாவே அப்போது பிறக்கவில்லை. இல்லை. இங்கே பலதார மணம் செய்கிற எண்ணம் உண்டா? ஒன்றுக்கே இந்தப் பாடு. இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியிலோ வேறு சர்வாதிகாரக் கட்சியிலோ எப்போதாவது உறுப்பினராகவோ எந்த வகையிலாவது தொடர்புடையவராகவோ இருந்திருக்கிறாயா? அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அதற்கும் இல்லை.

எந்த வகையிலாவது. காலேஜ் இரண்டாம் வருஷம் மாணவர் சங்கத்தில் இரண்டு ரூபாய் சந்தா கட்டி ரசீது வாங்கினேன். பஸ் பாஸுக்காக ஒரு மறியல், மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்கார வைத்துத் தயிர் சாதம் கொடுத்து அனுப்பினார்கள். அதுவா தொடர்பு? இல்லை, சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 25-ம் அப்பா தோளில் ஏறி, கட்சி நடத்துகிற கீழ்வெண்மணி நினைவு நாளுக்குப் போனதா? அப்படிப் பார்த்தால் என் பெயரே ஒரு தொடர்புதான்.

பிப்ரவரி 10

அப்பாயிக்கு மறுபடி மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12

வக்கீலம்மாவிடம் பேசினேன். நான் மூச்சு விடாமல் பத்து நிமிஷம் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவ்வளவுதானா என்றார். மாணவர் சங்கம் வேறு, கட்சி வேறு. கட்சி என்றே வைத்துக்கொண்டாலும் விலகி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் விதிவிலக்கு உண்டு, அந்தக் கட்சி ஒரு நாட்டையே சர்வாதிகாரமாக ஆண்டிருந்தால்தான் ஐந்து வருஷக் கணக்கு. ஆபிசர் இந்தக் கேள்விகளைத் திரும்பக் கேட்பார், அப்போது உள்ளதைச் சொல், சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்வார், மறைத்தால்தான் வம்பு என்றார். இதில் பயப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

பிப்ரவரி 15

ஒத்திகை. சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்களாம். ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று பெயர், 1975-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கிலிருந்து வந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காது என்று கார்த்தி சொன்னான், ஆனாலும் கேள்விகளை பிரிண்ட் எடுத்து வந்தது அவன்தான். என் டூத் பிரஷ் என்ன நிறம்? "ஊதா." வெள்ளை. உன் டூத் பிரஷ்? நான் நீலம் என்றேன், அவனே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றான். அவன் அரிசியை எத்தனை தடவை கழுவுவான், எந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்துவான், எந்தப் பொய் சொல்லும்போது காதைத் தடவுவான், எல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 16

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"இல்லைன்னு போட்டியா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கூட்டத்தில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "அது 1950-ல செனட்டர் மெக்காரன் கொண்டாந்த சட்டம் பாப்பா. பிரசிடென்ட் ட்ரூமன் கையெழுத்து போட மாட்டேன்னு திருப்பி அனுப்பியும் நிறைவேத்துனானுவ. சர்வாதிகாரக் கட்சியாமே? 57-ல கேரளாவுல ஓட்டு வாங்கித்தான நம்ம கட்சி இ.எம்.எஸ். முதலமைச்சரானாரு? ரெண்டே வருசத்துல கலைச்சது யாரு?" இருபது நிமிஷம். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. கடைசியில், "அந்த ரெண்டு ரூவாய நாந்தான குடுத்தேன், வேணும்னா என் பேர்ல எழுதிக்கச் சொல்லு."

சிரித்தேன். போனை வைத்ததும் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

பயண அனுமதித்தாள் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. கட்டின 2,115 டாலர் போனால் போகட்டும். திரும்ப வர முடியாது.

அப்பாயி நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாம்.

பிப்ரவரி 23

"பழைய போட்டோ கேட்டியே" என்று அம்மா வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். நான் கேட்டது கல்யாண போட்டோ. வந்தது கீழ்வெண்மணி நினைவிடம், கூட்டம், எனக்கு நாலு வயது, அப்பா தோளில். கையில் கொடி, கொடியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறேன். கார்த்தி பார்த்துவிட்டு, "ஸோ க்யூட், இதையும் ஃபைல்ல வைக்கலாமா?" என்றான். முறைத்தேன்.

அந்த வருஷமும் அப்பா, 1968-ல் அங்கே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட நாற்பத்து நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார். இப்போது எனக்கு ஏழெட்டுக்கு மேல் வரவில்லை.

மார்ச் 1

கிடைத்தாலும் இரண்டு வருஷக் கார்டுதான். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியவில்லையே. அப்புறம் மறுபடி இதே பில், இதே போட்டோ.

மார்ச் 4

அப்பாயியோடு வீடியோ. மூக்கில் குழாய். "அங்கயே இருக்கறதுக்கா பரீச்ச வைக்கிறானுவ?" என்று கேட்டது. ஆமா அப்பாயி. "பாஸாயிட்டா வந்து பாப்பியா?" பாஸானால் வரலாம் அப்பாயி.

மார்ச் 5

வக்கீலம்மா கடைசியாகச் சொன்னது: கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கதை சொல்லாதே. பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்? சில ஆபிசர்கள் பேச்சைத் தொடங்க அப்படிக் கேட்பதுண்டாம். வெள்ளை முத்து என்று சொல்லிவிடு என்கிறான் கார்த்தி. ஒரு ஊரின் பெயர் என்றும் சொல்லலாம். எந்த ஊர், அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால்? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்.

ஃபைலில் அந்த போட்டோ இருக்கிறது. நான் வைக்கவில்லை.

மார்ச் 6, காலை 4:50

அவன் நேற்று ராத்திரி புது பிரஷ் பிரித்திருக்கிறான். பச்சை. நல்ல நாளும் அதுவுமாக இதற்கென்ன அவசரம்? எழுப்பித் திட்டலாம் என்று போனால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். ஜர்னல் ஸ்கொயரில் ஆறரைக்கு ரயில் ஏற வேண்டும். பச்சை, பச்சை. என்னுடையது வெள்ளை.

அப்பா மிஸ்டு கால் இரண்டு. அங்கே இப்போது மத்தியானம்