ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்க எந்த மாசம் நல்லம்?

டிசம்பர்ல லீவு கிடக்கு, மட்டக்களப்புக்கு வந்து, கடலுக்குள்ள மூழ்கிக் கிடக்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ்ல டைவ் பண்ணலாமா எண்டு கேக்கிறாக்களுக்கு என்ட பதில், வராதீங்க. வாடைக்காத்து நேரம் கடலும் கொந்தளிக்கும், மழைத்தண்ணி வாவியால முகத்துவாரம் வழியா இறங்கி கரைப்பக்கமெல்லாம் கலங்கிப் போயிரும்.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைதான் இங்க சீசன். அதுலயும் தென்மேற்குப் பக்கமிருந்து வாற கச்சான் காத்து அடிக்கிற நாள்ல கரையில நிண்டு பாத்தா கடல் குளம் மாதிரி கிடக்கும், நம்பிப் போனா சில மைல் வெளிய படகு ஆடுற ஆட்டத்துல டைவ் கிட் (சிலிண்டர் சாமான்கள்) போடுறதே பெரும்பாடு, அதனால விடிய வெள்ளனவே போயிரணும்.

ஆனா காத்தை விட எனக்குப் பயம் நீரோட்டம்தான். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு தாட்ட ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழ கிடக்கு, சும்மா ரிக்ரியேஷனல் லைசன்ஸ் 40 மீட்டரோட முடிஞ்சிரும், இது தனிப் பயிற்சி வேண்டிய டெக்னிக்கல் டைவ். மேல வரக்குள்ள டீகோவுக்கு, அதாவது உடம்புல ஏறின வாயு மெல்ல வெளியேறுறதுக்கு, இடையில கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும், ஓட்டம் இழுத்தா கொடி மாதிரி பறக்க வேண்டியதுதான். மேல தண்ணி சும்மா இருக்கு எண்டு கீழயும் அப்பிடித்தான் இருக்கும் எண்டில்ல. நங்கூரக் கயிறு விறைச்சி சரிஞ்சி நிண்டா நான் இறங்கமாட்டன், காசு போனாப் போகட்டும்.

புதுசா பழகிறாக்கள் அதே நாள் மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலைப் பாருங்க, ஆழம் 25 மீட்டர் கிட்டத்தான். மீன் அங்கயும் குறைவில்ல.