மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் எங்கள் வயலுக்குத் தடையாணை பெற்ற அனுபவம்

என் தந்தையார் 1974-இல் கிரயம் பெற்ற 58 சென்ட் நன்செய், 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவின்போது (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பட்டாவில் பக்கத்து வயல்காரரின் குடும்பப் பெயரில் ஏறிவிட்டது. உரிய காலத்தில் நாங்கள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. பின்னாளில் உரிமை விளம்புகையும் (நிலம் எங்களுடையது என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (பிறர் தலையிடாதபடி நிலையான தடை) கோரி மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, அந்தப் பட்டாவை முதன்மையாக வைத்துத் தள்ளுபடி செய்யப்பட்டது. வழக்கு நடந்த ஆண்டுகளில் எங்களுக்கு அரணாக இருந்த இடைக்காலத் தடையாணையும் அன்றோடு முடிந்துபோனது. மூன்றாம் நாள் காலையில் வடக்கு வரப்போரம் நான்கு கல்தூண்கள் இறக்கப்பட்டிருந்தன. நட்டுப் பத்து நாள் ஆன பயிரின் மேல் டிராக்டர் சக்கரத்தின் தடம் நீரோடு கிடந்தது.

மேல்முறையீடு செய்து ஸ்டே, அதாவது நிறுத்திவைப்பு ஆணை, வாங்கிவிட்டால் போதும் என்றே நான் நம்பியிருந்தேன். மேல்முறையீட்டைத் தாக்கல் செய்வதாலேயே எதுவும் நின்றுவிடாது என்றும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5-இன் கீழ் தரப்படும் ஸ்டே தீர்ப்பாணையின் நிறைவேற்றத்தைத்தான் நிறுத்தும் என்றும், தள்ளுபடியான வழக்கில் நிறைவேற்ற எதுவுமே இல்லாததால் அந்த ஸ்டே எங்களுக்கு உதவாது என்றும் வழக்கறிஞர் விளக்கினார். எங்களுக்கு வேண்டியது கட்டளை 39, விதிகள் 1, 2 ஆகியவற்றின் கீழ், இடைக்காலத் தடையாணை கோரும் தனி இடைநிலை மனு. சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. சான்றிட்ட நகல் பெற ஆகும் நாட்கள் அதில் சேரா. இருந்தாலும் கல்தூண்களைக் கண்ட பிறகு அவகாசத்தை எண்ணிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. தீர்ப்பன்றே நகல் மனு போட்டிருந்ததால், நகல் கைக்கு வந்த மறுநாளே மேல்முறையீட்டையும் இடைநிலை மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்தோம்.

நான் முதலில் எழுதிக்கொடுத்த குறிப்பு முழுவதும் கிரயப் பத்திரத்தின் வரலாறாகவே இருந்தது. வழக்கறிஞர் அதை இரண்டு பத்திகளாகச் சுருக்கிவிட்டு, "இன்றைக்கு வயலில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள் ஐயா" என்றார். வழக்கில் முகாந்திரம் (மேலோட்டமாகப் பார்க்கும்போதே நியாயம் தெரிவது), இரு தரப்பு வசதிகளின் சமநிலை (ஆணையால் யாருக்கு அதிகப் பாதிப்பு என்பது), ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். கீழ் நீதிமன்றத்தில் தோற்றவருக்கு முதலாவதே கடினமானது. சாகுபடியாளர் பத்தியில் எங்கள் பெயருள்ள அடங்கலை (கிராமச் சாகுபடிப் பதிவேடு) பசலி, அதாவது வருவாய்த் துறை ஆண்டு, 1429 முதல் 1433 வரை திரட்டினோம். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம் தந்த ரசீதுகளையும், கல்தூண்களின் தேதியிட்ட புகைப்படங்களையும் அவற்றோடு இணைத்தோம். பழைய பத்திரத்தை விட, மஞ்சள் பூத்த அந்த நெல் ரசீதுகளே விசாரணையில் அதிகம் பேசப்பட்டன.

எதிர்த்தரப்பார் முன்கூட்டியே கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு தரக் கூடாது என்ற மனு) போட்டிருந்தார்கள். எனவே அவர்களுக்கு அறிவிப்புத் தராமல் உத்தரவு பெற வழியில்லை. மனுவின் நகலை முறைப்படி கொடுத்த பிறகே வாதம் தொடங்கியது. முதல் விசாரணையில், தற்போதைய நிலை நீடிக்க வேண்டும் என்று உத்தரவானது. நான் நிம்மதியடைந்தேன், வழக்கறிஞர் அடையவில்லை. அனுபோகம் (நிலத்தைக் கைவசம் வைத்து அனுபவிப்பது) யாரிடம் என்று சொல்லாத அந்த உத்தரவை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகவே படிக்கலாம். அப்படியேதான் நடந்தது: களை எடுக்க ஆட்களோடு போனபோது எதிர்த்தரப்பார் அதே உத்தரவின் நகலைக் காட்டி எங்களைத் தடுத்தார்கள். காவல் நிலையத்திலும் அதில் தலையிட முடியாது என்றார்கள். உடனே, வயலை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் ‘வழக்கறிஞர் ஆணையர்’ ஒருவரை நியமிக்கக் கோரி மனுச் செய்தோம். அவர் நேரில் வந்து, வயலில் நின்ற பயிரையும், வாய்க்கால் மடையையும், கல்தூண்களையும் குறித்து அறிக்கை தந்தார்.

அந்த அறிக்கையையும் அடங்கலையும் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம், வயல் எங்கள் அனுபோகத்தில் உள்ளதென முதல்நோக்கில் தெரிவதாகப் பதிவு செய்து, மேல்முறையீடு முடியும் வரை அதில் தலையிடக் கூடாதெனத் தடையாணை வழங்கியது. உரிமை யாருடையது என்பது இதனால் தீர்மானிக்கப்படவில்லை என்றும், வழக்குச் சொத்தை நாங்களும் விற்கக் கூடாது என்றும் உத்தரவிலேயே உள்ளது. மேல்முறையீடு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. கல்தூண்களை அவர்களே எடுத்துச் சென்றுவிட்டார்கள். அந்த வடக்கு வரப்பை இந்தச் சம்பாவுக்கு முன் மண் அணைத்துக் கட்டியிருக்கிறோம்.