ஜாவாவுக்கு 16 இன்ச் டயர் தேடி அலைந்த கதை

கடைக்குப் போன் போட்டு "ஜாவாவுக்கு டயர் இருக்குங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன். கோபியிலிருந்து கோயம்புத்தூர், போக வர ஒரு முழு நாள், கொண்டுவந்தது ஒன்றுமில்லை.

வண்டி எங்கள் அப்புச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது. 1969 மாடல் 250 சிசி ஜாவா பைக். அவருக்குப் பிறகு தோட்டத்துச் சாளையில் பதினைந்து வருஷம் சும்மா நின்றது. இன்ஜின், கார்புரேட்டர், பாயின்ட் வேலையெல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. டயரில்தான் மாட்டிக்கொண்டேன். வண்டியில் இருந்த டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கவாட்டில் டயர் தயாரித்த தேதி எண் மூன்று இலக்கம்தான். அப்படியென்றால் அது 2000-க்கு முந்தைய சரக்கு. அதற்கப்புறம் வந்ததில் எல்லாம் நான்கு இலக்கம் இருக்கும்.

இரண்டு சக்கரத்துக்கும் அளவு 3.25-16, அதாவது 3.25 இன்ச் அகலம், 16 இன்ச் ரிம். இந்தப் 16-தான் வம்பே. பழைய புல்லட்டுக்கு 19, கேட்ட கடையில் எல்லாம் கிடைக்கும். 16 என்றால் நம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது டிவிஎஸ் எக்செல் மொபெட் ஒன்றுதான்.

போனில் "இருக்குங்ணா, வாங்க" என்ற பையன், நேரில் போனதும் 90/90-18 டயரைத் தூக்கி வந்தான். அது 2018-இல் வந்த புது ஜாவாவின் முன்சக்கரத்துக்கு. இது பழைய வண்டி, 16 இன்ச் என்றேன். "அட, அதும் இருக்குங்களே" என்று உள்ளே போய் 2.50-16 ஒன்றை எடுத்து வந்தான். எக்செல் டயர்! "ரிம்ல உக்காந்துருங்ணா, ஒண்ணும் ஆகாது." உட்காரும்தான், விட்டம் ஒன்றாயிற்றே. ஆனால் 82 மில்லி அகலம் இருக்க வேண்டிய இடத்தில் 63 மில்லி. மொபெட் பாரத்துக்குச் செய்ததை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஏறி 80-இல் போக எனக்குத் தைரியம் இல்லை.

இன்னும் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பரணிலிருந்து நிஜமாகவே 3.25-16 ஒரு ஜோடி இறக்கினார். தூசியைத் தட்டினதும் எனக்கு வாயெல்லாம் பல். நல்லவேளை, எண்ணைப் பார்த்தேன்: 2811. அதாவது 2011-ஆம் வருஷம் 28-வது வாரம். டயரை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தால் பட்டன்களுக்கு நடுவே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "ஓடவே இல்லீங்களே, புதுசுதானுங்க" என்று சாதித்தார். ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்றால் கேட்கிற ஆளாக இல்லை. பாதி விலைக்கு இறங்கி வந்தார். அந்த அலுப்பில் வாங்கியே இருப்பேன். அப்புச்சி ஒரு முறை வீட்டுக்குப் போகும் வழியில் முன் டயர் வெடித்து வரப்பில் விழுந்தது ஞாபகம் வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ரிம்மையே 18-க்கு மாற்றிவிடு என்றார் பெரிய மாமா. அந்த ஆழமான மட்கார்டுக்குள் 18 இன்ச் சக்கரத்தை நுழைத்தால் அது ஜாவா மாதிரியா இருக்கும்?

கடைசியில் கைகொடுத்தது மைசூர்தான். அங்கிருந்த ஜாவா ஃபேக்டரி 1996-இலேயே நின்றுபோனாலும் பழைய ஜாவா, யெஸ்டி பைக்குகள் இன்னும் ஓடுகின்றன, சாமானும் கிடைக்கிறது. அங்கே இருக்கும் நண்பனைக் கடைக்கு அனுப்பி, பணம் கொடுப்பதற்கு முன்பே போட்டோ கேட்டேன்: அளவு, நான்கு இலக்கத் தேதி, சுற்றும் திசை காட்டும் அம்புக்குறி. மூன்றும் சரி. டயர் ஒரு வருஷம்கூட ஆகாதது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, பஸ் பார்சலில் சத்தியமங்கலம் வந்து சேர்ந்தது. ட்யூபையும் அங்கேயே அதே அளவில் வாங்கச் சொன்னேன். எக்செல் ட்யூபை இழுத்துப் போட்டால் காற்றடித்ததும் மெலிந்துபோகும்.

மாட்டும்போதாவது நிம்மதியாக இருந்ததா என்றால், இல்லை. பஞ்சர் கடைத் தம்பி வந்ததும் வராததுமாகச் செயின் கவரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டான். இந்த வண்டியில் ஆக்ஸிலை உருவினால் செயினும் பல்சக்கரமும் கவருக்குள் அப்படியே நிற்க, சக்கரம் மட்டும் தனியாக வந்துவிடும். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. கழற்றிக் காட்டியதும் "அடங்கொன்னியா" என்றான். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

ரிம்முக்குள் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீட்டிக்கொண்டிருந்த ஸ்போக் முனைகளை அரத்தால் ராவி, மக்கிப்போன ரிம் டேப்பைத் தூக்கி எறிந்து புதிது போட்டோம். சக்கரத்தின் கோட்டமும் எடுத்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு லிவரை ஆழமாக விட்டு நெம்பி, முதல் ட்யூபை நசுக்கிவிட்டான். இரண்டு ஓட்டை. சேர்த்து ஒரு ட்யூப் வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை நானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ட்யூபில் உருண்டை பிடிக்கிற அளவுக்குக் கொஞ்சம் காற்று, மேலே பவுடர், டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர். வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, அந்த விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கியபடி வந்தால் வால்வு அருகே வரும் கடைசிக் கொஞ்சத்துக்கு லிவரே தேவையில்லை, கையாலேயே ஏறுகிறது.

விளிம்பு உட்காரட்டும் என்று ஏற்றிய கூடுதல் காற்றை அவன் அப்படியே விட்டுவிட்டான். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி பந்து மாதிரி எகிறியபோதுதான் தெரிந்தது. இறக்கிச் சரிசெய்தேன். வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே மூடியோரம் தள்ளி வைத்திருக்கிறேன். உள்ளே ட்யூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இதுவரை 300 கிலோமீட்டர் ஓடியாயிற்று. இரண்டு வால்வும் நேராகத்தான் நிற்கின்றன.