இலவசப் பாடங்களைத் தேடிய மூன்று மாதங்கள்

மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவான அன்றிரவே இணையத்தில் தேட உட்கார்ந்துவிட்டேன். ஒரே மாதத்தில் 400க்கும் மேற்பட்ட பயிற்சித்தாள்கள் சேர்ந்தன. அவள் செய்து முடித்தது 11. பாதித் தாள்களுக்கு விடையே இல்லை. 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு தளம் கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு, சோதனைக் காலம் முடிந்ததும் பணத்தை எடுத்துவிட்டது. அதன்பிறகு கார்டு எண் கேட்கும் பக்கத்தில் நான் நிற்பதே இல்லை.

இவ்வளவு சேர்த்தும் எதற்கு அப்புறம் எது என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் வரிசை உள்ள ஒரே ஒரு இடத்தைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

கணக்குக்கு கான் அகாடமி. லாப நோக்கமில்லாத அமைப்பு. வகுப்பு, அலகு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தின் கடைசியில் இருக்கும் 'கோர்ஸ் சேலஞ்ச்' தேர்வை முதலிலேயே எழுதச் சொன்னேன். பெருக்கல் பரவாயில்லை. பின்னத்தில்தான் சிக்கினாள். 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்றால் 1/4 என்கிறாள். மூன்றைவிட நான்கு பெரிதாம். வட்டத்துக்கு வண்ணம் தீட்டும் தாள்களை அவள் சரியாகச் செய்து வந்ததால் இந்தக் குழப்பம் என் கண்ணில் படவே இல்லை.

இதற்கு உதவியது, திரையில் நாமே மாற்றிப் பார்த்துக் கற்கும் செயலிகளை இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னத்துக்கான அவர்களுடைய செயலியில் கீழ் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டினால் துண்டு சுருங்குவது கண்முன்னே தெரியும். எட்டு வரை அழுத்திப் பார்த்துவிட்டு, "பங்கு கேக்குறவங்க கூடக் கூட துண்டு சின்னதாகுதும்மா" என்றாள். இதைத்தான் நான் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் காகிதத்தை மடித்தும் பார்த்தோம்.

வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம். மொழி, வாசிப்பு நிலை இரண்டையும் குறித்துத் தேடலாம். தமிழ்க் கதைகளும் நிறைய. பெரும்பாலானவை சிசி பை (CC BY) என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம், மாற்றியும் பயன்படுத்தலாம். உரிமத்தில் 'என்டி' (ND, மாற்றம் கூடாது என்பதன் சுருக்கம்) என்று இருந்தால் மட்டும் மாற்றிப் பகிரக் கூடாது. ஆங்கிலத்துக்கு, இலவச மின்னூல் தளமான குட்டன்பெர்க் திட்டத்தில் பழைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னார்வலர்கள் அதையே வாசித்த ஒலிப்பதிவை லிப்ரிவாக்ஸில் ஓடவிடுகிறோம். கேட்டுக்கொண்டே வரியில் விரலை ஓட்டுவாள். உச்சரிப்பு தானாகத் திருந்திவருகிறது. குட்டன்பெர்க் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்த்துத்தான் புத்தகங்களை வெளியிடுகிறது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிவியலுக்கு சிகே-12 (CK-12) என்ற இலவசப் பாடத் தளம். அதில் இன்னும் அதிகம் போகவில்லை.

எழுத்துப் பயிற்சிக்குத்தான் எதுவும் சரிவரவில்லை. தலைப்புகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கின்றன. ஆனால் அவள் எழுதிய பத்தியைப் படித்துவிட்டு, "இந்த இடம் எனக்குப் புரியலையே, என்ன சொல்ல வந்தே?" என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அதை நான்தான் செய்கிறேன்.