ஆகாசப்புளுகன்

விடுதி முற்றத்து வேப்பமரத்தடியில் ஒருவனை மடக்க எங்களுக்கு இரண்டு சொற்கள் போதும். "அண்டப்புளுகன்!" என்று ஒருவன் எடுத்துக் கொடுப்பான். "ஆகாசப்புளுகன்!" என்று கூட்டமே முடிக்கும். பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

யாரையும் நாங்கள் 'பொய்யன்' என்று சொன்னதில்லை. சொன்னால் சட்டை கிழியும். பொய் என்பது தப்பிப்பதற்காகச் சொல்வது. புளுகு என்பது இருப்பதை ஊதிப் பெரிதாக்குவது. எவ்வளவு பெரிதாக என்பதற்குத்தான் அண்டமும் ஆகாசமும். இந்த வேறுபாட்டை எந்த ஆசிரியரும் கற்றுத் தரவில்லை, ஆனால் பத்து வயதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர்களின் ஏச்சு வேறு மாதிரி. "நீ அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரனோ?" என்பார்கள். நாட்டை இழந்து, மனைவி மகனைப் பிரிந்து, சுடுகாட்டைக் காத்தபோதும் பொய் சொல்லாதவன் அரிச்சந்திரன். நீ குடியிருப்பது அவன் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில்தான் என்று பொருள்.

ஆறாம் வகுப்பில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். முதல் நாள் இரவே, "எங்கள் வீட்டுக்குள் மேகம் வரும். சித்திரையிலும் கம்பளி போர்த்துவோம்" என்றான். நாங்களோ ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரிப் பிள்ளைகள். மேகத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். அன்றைக்கு எழுந்த கூச்சலில் காப்பாளர் பிரம்போடு வந்துவிட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்களே, நாங்கள் உண்மையாகவே எட்டு நாள் எண்ணினோம். எட்டாம் இரவு அவனைச் சுற்றி உட்கார்ந்து மறுபடியும் கேட்டோம். அதே மேகம், அதே கம்பளி. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. புளுகன் என்றால் அதற்குள் மேகத்தில் யானையையும் ஏற்றியிருப்பான். அது எங்களுக்கு உறைக்கவில்லை. 'ஆகாசம்' என்பதே அவன் பெயராயிற்று. அதன்பின் அவன் தன் ஊரைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு. குத்தகை முடியும் முன்பே, 2024இல், தோட்ட வேலை நின்றது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்தியை இங்கே டொராண்டோவில் படித்தேன். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் அவன் வீடு கண்முன் வந்தது.

பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் அவனேதான் என்னை அழைத்துப் போனான். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, மணிமுத்தாறு அணையைக் கடந்து, 1,000 மீட்டருக்கும் மேலே. பிற்பகல் மூன்று மணி இருக்கும். கொடியில் கிடக்கும் துணி நனைந்துவிடும், கதவைச் சாத்து என்றார் அவன் அம்மா. அவன் எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வெள்ளையாக ஒன்று வாசலில் தயங்கி நின்றது. பிறகு படியேறி உள்ளே வந்தது. என் முன்கை மயிரெல்லாம் பொடிப்பொடியாக நீர்த்துளி. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.